சும்மா இருந்த இரண்டு டிஸ்க்

டிஸ்க்கம்மா என்று அவளுக்குப் பேர் வைத்தவர் ஆஸ்பத்திரி வாசல் காவலாளி. புது ஹார்டு டிஸ்க்குகள் இருபத்து நான்கும் வந்து இறங்கிய அன்று, அவற்றை லிஃப்டில் ஏற்றவே கூடாது என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நிற்கும்போது ஆளையே ஒரு குலுக்குக் குலுக்கும். பஞ்சு வைத்த பெட்டியில் நான்கு நான்காக அடுக்கி, இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, ஆறு நடை, மூன்றாம் மாடிவரை படியேறினாள். ஐந்தாவது நடையில் காவலாளிக்குப் பொறுக்கவில்லை.

"பெத்த புள்ளையக்கூட இப்படித் தூக்கியிருக்க மாட்டீங்க போலிருக்கே!"

"புள்ள விழுந்தா அழும். இது விழுந்தா அழாது. உள்ளுக்குள்ளயே வச்சிருந்து ஆறு மாசம் கழிச்சுக் காலை வாரிவிடும்" என்றாள் அவள், மூச்சு வாங்க.

மறுநாள் முதல் ஆஸ்பத்திரியில் யாருக்கும் அவளுடைய சொந்தப் பேர் வாயில் வரவில்லை.

கம்ப்யூட்டர் பிரிவில் அவளுக்கு ஒப்பந்த வேலை. பிரிவின் தலைவர் அவளுடைய அக்கா புருஷன். கட்டியவன் ஒருநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டபோது, ஒரு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குத்தான் வந்தாள். மூன்று வருஷம் அங்கே இருந்தாள். அக்கா மகளின் அறையில் ஒரு கட்டிலை ஒட்டி இன்னொரு கட்டில் போட்டுக்கொடுத்தார்கள். இந்த வேலைக்கு அவளைச் சேர்த்துவிட்டதும் அத்தான்தான். அதற்குப் பிறகே இரண்டு தெரு தள்ளி இரண்டு அறை உள்ள வீட்டுக்குக் குடிபோனாள். அத்தான் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. ஒரே ஒரு கண்டிப்பு மட்டும் வைத்திருந்தார்: ஆபீஸில் 'அத்தான்' என்ற சொல் வாயிலிருந்து வரக் கூடாது. அங்கே அவர் சார். உறவு இன்னதென்று எவருக்கும் தெரிய வேண்டாம், வீண் பேச்சு என்றார். அவளும் சரி என்று தலையாட்டினாள்.

டிஸ்க்குகளைப் பூட்டிய அன்று கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டினாள்: 'இன்று ரெய்டு வேலை நடக்கிறது. யாரும் உள்ளே வர வேண்டாம்.' பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் வேலைக்கு அவர்கள் தொழிலில் ரெய்டு என்று பெயர். பத்து மணிக்கு அந்தத் தாளைப் பார்த்த கொள்முதல் பிரிவு ஆள், மேஜை இழுப்பறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, வயிற்று வலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அறைக்குள் குளிர் எலும்பைத் துளைக்கும். மின்விசிறிகளின் இரைச்சலுக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள். நெஞ்சளவு உயரத்தில் இருந்த தட்டில் இருபத்து நான்கு பொந்துகள். ஒவ்வொரு டிஸ்க்காக உள்ளே தள்ளி, கொக்கி 'க்ளக்' என்று விழுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்து, எந்தப் பொந்தில் எந்த எண் என்று நோட்டில் எழுதினாள். பிறகு அவற்றையெல்லாம் கட்டி மேய்க்கிற கன்ட்ரோலரின் திரையைத் திறந்து உட்கார்ந்தாள்.

ஸ்கேன் டாக்டர் எட்டிப் பார்த்தார். அந்த அம்மாளுக்குத் தன் படங்கள் எங்கே போய் உட்காரப்போகின்றன என்று தெரிந்துகொள்ள ஆசை.

"இருபத்து நாலு இருக்கே, எல்லாத்துலயும் படமா?"

"இல்ல டாக்டர். பதினொண்ணு சேர்ந்து ஒரு தொகுப்பு, இன்னொரு பதினொண்ணு சேர்ந்து ரெண்டாவது தொகுப்பு. ஒவ்வொரு படத்தையும் பிச்சுப் பிச்சுப் பதினொண்ணுலயும் எழுதும். ஒண்ணு செத்துப்போனா, மத்த பத்தும் சேர்ந்து அதுல என்ன இருந்துச்சுன்னு கணக்குப் போட்டுச் சொல்லிடும்."

"ரெண்டு செத்தா?"

"ஒரே தொகுப்புல ரெண்டு செத்தா எல்லாம் போச்சு."

டாக்டர் முகம் சுருங்கியது. டிஸ்க்கம்மா கடைசி இரண்டு பொந்துகளைக் காட்டினாள்.

"அதுக்குத்தான் இந்த ரெண்டு. இதுங்கள்ல எதுவும் எழுத மாட்டோம். மின்சாரத்தைக் குடிச்சுக்கிட்டு சும்மா இருக்கும். எந்தத் தொகுப்புல ஒண்ணு போனாலும் கன்ட்ரோலர் யாரையும் கேக்காம அந்த நிமிஷமே இதுல ஒண்ணை எடுத்து அந்த இடத்துல வச்சு, போனதைத் திரும்ப எழுத ஆரம்பிச்சிடும். நான் வீட்ல இருந்தாலும் சரி, பஸ்ல இருந்தாலும் சரி."

"நல்ல வேலைக்காரங்க" என்றார் டாக்டர்.

இரண்டையும் ஸ்பேர் என்று குறித்துவிட்டு அவள் திரையை மூடினாள். அன்று சாயங்காலம் படியிறங்கும்போது முழங்கால் வலித்தது. மனசு மட்டும் நிறைந்திருந்தது.

இரண்டரை வருஷம் ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு ஸ்கேன் இயந்திரம் வந்தது. பழையது ஒரு நெஞ்சுக்கு நூறு படம் எடுத்தால் புதியது அறுநூறு எடுத்தது. படங்களை வைக்க இடம் மளமளவென்று குறைந்தது. இன்னொரு தட்டு வேண்டும் என்று டிஸ்க்கம்மா எழுதிக் கொடுத்த கடிதம் கொள்முதல் பிரிவில் மூன்று மாதம் தூங்கியது. இயக்குநரின் கூட்டம் புதன்கிழமை. திங்கட்கிழமை மத்தியானம் அத்தான் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"அந்தக் கடைசி ரெண்டு டிஸ்க்கும் என்ன பண்ணுது?"

"ஸ்பேர், சார்."

"ரெண்டரை வருஷமா ஸ்பேர். ஒரு நாளாவது வேலை பார்த்துச்சா?"

"வேலை பார்க்கலைன்னா நமக்கு நல்ல காலம்னு அர்த்தம், சார்."

"எடுத்துத் தொகுப்புக்கு ஒண்ணா சேர்த்துடு. எட்டு மாசத்துக்கு இடம் கிடைக்கும்ல? அதுக்குள்ள புதுத் தட்டு வந்துடும்."

காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு அவள் எழுந்து நின்றாள்.

"சார், இது எல்லாமே ஒரே நாள்ல வாங்கினது. ஒரே வயசு. ஒண்ணு போக ஆரம்பிச்சா இன்னொண்ணும் பக்கத்துலயே போகும். சேர்த்துட்டா சேர்த்ததுதான், திரும்பப் பிரிக்க வழி கிடையாது. படங்களுக்கு வேற பிரதியும் இல்ல. டாக்டருங்க எழுதற அறிக்கைக்கு மட்டுந்தான் பிரதி எடுக்கறோம்."

"எல்லாம் தெரியும். எட்டே மாசம்."

அவள் சற்றுத் தயங்கினாள். "ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்களேன்."

கதவு சாத்தியிருக்கிறதா என்று அத்தான் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, வீட்டில் பேசுவதுபோலப் பேசினார்.

"ஏம்மா, எங்கிட்டயே கையெழுத்துக் கேக்கறியா? உங்க அக்கா கேட்டா சிரிப்பா."

அவளுக்குக் காது மடல் சுட்டது. அந்த வீட்டில் சாப்பிட்ட மூன்று வருஷச் சோறும் ஒரே மூச்சில் தொண்டைக்கு வந்து நின்றதுபோல இருந்தது. உட்கார்ந்தாள். திரையைத் திறந்தாள். இருபத்து மூன்றாவது பொந்தின் டிஸ்க்கை ஸ்பேர் பட்டியலிலிருந்து எடுத்து முதல் தொகுப்பில் சேர்த்தாள். இருபத்து நான்காவதை இரண்டாவதில் சேர்த்தாள். 'நிச்சயமாகவா?' என்று கன்ட்ரோலர் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். அத்தான் பின்னால் நின்று பார்த்துவிட்டு, தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமைக் கூட்டத்தில், ஒன்றும் வாங்காமலே இடம் உண்டாக்கிய கெட்டிக்காரர் என்று இயக்குநர் அத்தானைப் பாராட்டினாராம். அன்று சாயங்காலம் அக்காவே ஃபோன் பண்ணிப் பெருமையோடு சொன்னாள். "எல்லாம் உன்னாலதான்னாரு உங்க அத்தான்" என்றாள்.

ஏழு மாதம் போனது. புதுத் தட்டு வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் அறைக்குள் நுழைந்தபோது ஏழாவது பொந்தில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதல் தொகுப்பு. முன்புபோல இருந்தால் இந்நேரம் ஸ்பேர் உள்ளே நுழைந்து பாதி வேலையை முடித்திருக்கும். இப்போது கன்ட்ரோலர் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. அலமாரியிலும் ஒரு டிஸ்க் கிடையாது.

அத்தானிடம் ஓடினாள்.

"புது டிஸ்க் வர்ற வரைக்கும் முதல் தொகுப்புல எதையும் எழுதக் கூடாது, சார். ஸ்கேனை ரெண்டு நாள் குறைச்சுக்கச் சொல்லுங்க. எங்கயாவது இடம் வாங்கி, இருக்கறதை நகல் எடுத்துடலாம்."

"ஸ்கேனை நிறுத்தச் சொல்றதா? இயக்குநர் என்னை உரிச்சுத் தொங்கவிட்டுடுவார். ஓடுதுல்ல?"

"ஓடுது சார், ஆனா…"

"ஓடறதை ஏன் நிறுத்தணும்? டிஸ்க்குக்கு எழுதியாச்சு. வந்ததும் மாத்து."

டிஸ்க் வந்து சேர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் அவள் சோறு தின்றாள் என்றுதான் பேர். சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் புது டிஸ்க்கை ஏழாவது பொந்தில் தள்ளினாள். கன்ட்ரோலர் திரும்ப எழுதத் தொடங்கியது. ஐந்து சதவீதம். பன்னிரண்டு. மற்ற பதினொரு டிஸ்க்குகளும் ஒரு மூலை விடாமல் படிக்கப்பட்டாக வேண்டும். மாதக்கணக்கில் தொடாத மூலைகளெல்லாம் தொடப்பட்டன. இருபத்து ஒன்பது. முப்பத்து எட்டு. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், மூன்றாவது பொந்திலிருந்து கொறிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. பஞ்சையும் மீறிக் கேட்டது. அவள் எழுந்து அதன் அருகே போவதற்குள் விளக்கு மஞ்சளானது. திரையில் முதல் தொகுப்பின் பெயருக்கு எதிரே சிவப்பாக ஒரே ஒரு சொல்: தோல்வி.

உள்ளங்கையை அந்தத் தட்டின்மேல் வைத்தபடி அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. கீழே ஸ்கேன் அறையிலிருந்து ஃபோன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

செத்த இரண்டு டிஸ்க்கையும், பிழைத்தவற்றையும் வெளியூர் மீட்பு நிலையம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தன. ஏதோ கொஞ்சம் கிடைத்தது. தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், யாருடைய படம் என்று தெரியாத துண்டுகள்.

அந்த வாரத்தில்தான் லாரி டிரைவரைப் பார்த்தாள். ஐம்பது வயசு, பெரிய உடம்பு. ஸ்கேன் அறை வராந்தாவில் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவருடைய லாரி பள்ளத்தில் இறங்கி விலா எலும்பு முறிந்தபோது இங்கேதான் நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். இப்போது இருமல் என்று வந்திருந்தார். எடுத்த படத்தில் வலது நுரையீரலின் உச்சியில் ஒரு சின்னப் புள்ளி.

ஸ்கேன் டாக்டர் டிஸ்க்கம்மாவைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அந்தப் பழைய படம் மட்டும் இருந்தா போதும். அப்பவே இந்தப் புள்ளி இதே அளவுல இருந்திருந்தா, இது ஒண்ணுமில்லைன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிடுவேன். அப்ப இல்லாம இப்ப வந்திருந்தா விஷயம் வேற."

"அறிக்கை இருக்குமே, டாக்டர்."

"அறிக்கையில விலா எலும்பைப் பத்தி மட்டுந்தான் எழுதியிருக்காங்க. அன்னிக்கு எல்லாரும் எலும்பைத்தான் பார்த்தாங்க. படத்தைப் பார்த்தா எனக்கு ஒரு நிமிஷ வேலை. பிலிமும் கையில குடுக்கல, அதான் எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கேன்னு." டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் போட்டார். "புள்ளி இருக்கற இடம் ஊசிக்கு எட்டாது. திறந்து எடுத்துத்தான் பார்க்கணும்."

அவள் வெளியே வந்தபோது டிரைவர் அவள் கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்தார்.

"நீங்கதான் கம்ப்யூட்டரா? என் போட்டோவைத் தொலைச்சுட்டீங்களாமே. பரவாயில்ல, நான் ஒண்ணும் அவ்வளவு அழகில்ல" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

விசாரணைக்கு மூன்று பேரை நியமித்தார்கள். ஒரு மூத்த டாக்டர், நிர்வாக அதிகாரி, வெளியிலிருந்து ஒரு எஞ்சினியர். வெள்ளிக்கிழமை அவளை வரச் சொல்லியிருந்தார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா வந்தாள். மகள் பக்கத்து அறையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கட்டிலில் குவிந்து கிடந்த துவைத்த துணிகளை, கேட்காமலே, அக்கா ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள். நாலைந்து துணி மடித்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"நாளைக்கு என்ன சொல்லப்போறே?"

"நடந்ததைச் சொல்லப்போறேன்."

"அவருக்கு இன்னும் பதினாலு மாசந்தான் சர்வீஸ் இருக்கு. இப்ப பேர் கெட்டா பென்ஷன்ல கை வைப்பாங்க. பொண்ணுக்கு நிச்சயம் ஆயிருக்கு. உனக்கே தெரியும்."

"தெரியும்."

"உனக்கு ஒப்பந்த வேலைதானே. போனா இன்னொண்ணு கிடைக்கும். வயசு இருக்கு, கையில தொழில் இருக்கு. நீயா சேர்த்தேன்னு சொல்லிடு. இடம் பத்தலை, நானா பண்ணிட்டேன்னு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? ஒரு ஆளு நெஞ்சைத் திறக்கப்போறாங்கக்கா."

"அதை நீ சொன்னா மூடிடுவாங்களா?"

மகளின் பள்ளிச் சட்டையை அக்கா மடியில் வைத்துச் சுருக்கத்தைத் தடவித் தடவி நீக்கினாள்.

"மூணு வருஷம் எங்கூட இருந்தே. ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியிருப்பேனா?"

"இப்ப சொல்லிட்டேக்கா."

அக்காவின் கை நின்றது. சட்டையை மடிக்காமலே கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, பெரியம்மா போகிறாளே என்று மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். அவள் தலையைத் தடவிவிட்டு அக்கா போனாள்.

மறுநாள் விசாரணை அறைக்குப் போகும்வரை டிஸ்க்கம்மா ஒரு முடிவுக்கும் வரவில்லை. படியேறும்போது அக்கா சொன்னபடியே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. கதவருகே போனதும் டிரைவரின் சிரிப்பு ஞாபகம் வந்தது. உள்ளே நீளமான மேஜை, மூன்று தண்ணீர் டம்ளர்கள். எதிரே ஒரு கோப்பு திறந்து கிடந்தது.

எஞ்சினியர் கன்ட்ரோலரின் பதிவேட்டைத் தாளில் எடுத்து வைத்திருந்தார். எவர் எப்போது உள்ளே வந்தார், என்ன செய்தார் என்று நிமிஷம் தவறாமல் அது எழுதி வைத்திருந்தது. "ரெண்டு ஸ்பேரையும் நீக்கினதும், தொகுப்புல சேர்த்ததும் உங்க பேர்ல இருக்கு. நீங்கதானே?"

"நான்தான்."

நிர்வாக அதிகாரி கோப்பிலிருந்து ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "உங்க பிரிவுத் தலைவர் ஏற்கெனவே எழுதிக் குடுத்திருக்கார். படிச்சுக்குங்க."

அத்தானின் கையெழுத்தை அவளுக்குத் தெரியும். மகளைப் பள்ளியில் சேர்த்தபோது விண்ணப்பத்தை நிரப்பியது அதே கையெழுத்துத்தான். இடம் உண்டாக்க வழி பார்க்கும்படி பொதுவாகச் சொன்னேன், எந்த வழி என்பதை ஊழியரின் தொழில் அறிவுக்கே விட்டுவிட்டேன், ஸ்பேர்கள் நீக்கப்பட்டது எனக்குப் பிறகே தெரியவந்தது என்று எழுதியிருந்தார். கீழே தேதி. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். திங்கட்கிழமையின் தேதி. அக்கா வந்தது வியாழக்கிழமை.

ஆக, அவளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் கழித்து அவளிடம் சம்மதம் கேட்க ஆள் அனுப்பியிருக்கிறார்.

மென்று விழுங்க நினைத்ததையெல்லாம் அவள் வெளியே சொன்னாள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது, எட்டு மாசம் என்றது, எழுதித் தரக் கேட்டது, அவர் தட்டிக்கழித்தது.

"எழுதித் தரலைன்னா நீங்க செய்ய மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே" என்றார் மூத்த டாக்டர்.

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"அவர் எங்க அக்கா வீட்டுக்காரர்."

நிர்வாக அதிகாரி பேனாவை எடுத்தார். "இந்த உறவை வேலைக்குச் சேரும்போது தெரிவிச்சீங்களா?"

"இல்ல."

அவர் எழுதிக்கொண்டார். வெகுநேரம் எழுதினார்.

எஞ்சினியர் மட்டும் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். நல்ல மனுஷன், குரலை உயர்த்தவே இல்லை. "ஸ்பேரை எடுத்தா இப்படி ஆகும்னு அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் ஒருவேளை பாதியாவது தப்பித்திருப்பாள்.

"தெரியும்" என்றாள்.

முடிவு பத்து நாளில் வந்தது. தெரிந்தே செய்த தவறு, உறவை மறைத்துப் பெற்ற வேலை என்று இரண்டையும் காரணம் காட்டி அவளுடைய ஒப்பந்தத்தை முடித்தார்கள். அத்தானுக்கு மேற்பார்வைக் குறைவு என்று ஒரு கடிதம். உறவை அவரும் மறைத்தார் என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. உடல்நிலை காரணமாக விருப்ப ஓய்வு கேட்டார், கொடுத்தார்கள், மாலை போட்டு அனுப்பினார்கள். பென்ஷனில் யாரும் கை வைக்கவில்லை. புதுத் தட்டு அடுத்த வாரமே வந்து இறங்கியது.

அவள் அக்காவுக்கு ஃபோன் பண்ணினாள். நான்கு தடவை அடித்து ஓய்ந்தபிறகு ஐந்தாவது தடவை அக்கா எடுத்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். அன்னிக்கு நீ வந்தப்ப, அவர் எழுதிக் குடுத்துட்டார்னு உனக்குத் தெரியுமா?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. யாரோ எதையோ கேட்டார்கள், அக்கா அவர்களுக்குப் பதில் சொன்னாள். பிறகு இவளிடம் வந்தாள்.

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? நீ என்ன எனக்காகச் சும்மாவா இருந்தே? சபையில வச்சு அவர் மானத்தை வாங்கிட்டுத்தானே வந்தே. கல்யாணத்துக்கு நீ வரவேண்டாம். பாப்பாவை வேணா அனுப்பு" என்றாள்.

பாப்பாவை அவள் அனுப்பவில்லை. அதற்காக மகள் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

கடைசி நாள், அட்டையையும் சாவியையும் ஒப்படைக்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்றாம் மாடியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் லாரி டிரைவர் சுவரைப் பிடித்தபடி மெதுவாக நடைபழகிக்கொண்டிருந்தார். பாதி உடம்பாகியிருந்தார். வலது கையை உயர்த்த முடியவில்லை. ஆனாலும் அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க கம்ப்யூட்டர்! சேதி தெரியுமா? திறந்து பார்த்தாங்க, ஒண்ணுமே இல்லையாம். ஏதோ பழைய காலத்துத் தழும்பாம். சின்ன வயசுல வந்துட்டுப் போனதாம். கடவுள் காப்பாத்திட்டார். இனிமே ஆறு மாசம் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாதாம், அதுக்கப்புறமும் பெரிய வண்டி வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அது கிடக்கட்டும், உசுரு இருக்குல்ல?"

அவள் படியில் அப்படியே நின்றாள். பழைய தழும்பு. அப்படியென்றால் அது இரண்டு வருஷத்துக்கு முந்தைய படத்தில் இருந்திருக்கும். டாக்டருக்கு ஒரு நிமிஷ வேலை.

'நல்லதாப் போச்சு' என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கலாம். பல வாரங்களாகப் பொய்யும் அரைப் பொய்யும் கேட்டுக் கேட்டு அவளுக்குப் புளித்துப்போயிருந்தது. ஒருவரிடமாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்ற வெறிதான் அது. அவருக்காகச் சொன்னாளா, தனக்காகச் சொன்னாளா என்று பிற்பாடு யோசித்தபோது, தனக்காகத்தான் என்று பட்டது.

"பழைய படம் இருந்திருந்தா உங்களைத் திறந்திருக்கவே வேண்டியதில்ல" என்றாள். "அதுலயே தெரிஞ்சிருக்கும். அது போனதுக்கு நான் காரணம். போகும்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

டிரைவர் சுவரைப் பிடித்திருந்த கை நழுவியது. இவள் தாங்கப் போனாள். அவர் தோளை விலக்கிக்கொண்டார். மெள்ள, ஒரு பக்கமாகச் சாய்ந்து, படியிலேயே உட்கார்ந்தார்.

"அப்ப எல்லாம் வெட்டியா?"

அவள் தலையசைத்தாள்.

அவர் சட்டைக்கு மேலாக வலது விலாவைத் தடவினார். தையல் இருந்த இடம் எங்கிருந்து எங்கே வரை என்று அந்த விரல்கள் போன தூரத்திலிருந்து அவளுக்குத் தெரிந்தது. திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"இதை ஏம்மா எங்கிட்ட வந்து சொன்னே?" என்றார். "நான் நல்லாத்தானே இருந்தேன்."

கீழேயிருந்து ஒரு நர்ஸ் வந்து, ஏன் படியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அதட்டி, அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி அழைத்துக்கொண்டு போனாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் காவலாளி, "நாளைக்கு லேட்டா வருவீங்களா, டிஸ்க்கம்மா?" என்று கேட்டார். அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவளும் சொல்லவில்லை. வெயிலில் பஸ் நிறுத்தம்வரை நடந்தாள். வந்த முதல் பஸ்ஸில், அது எங்கே போகிறது என்று பார்க்காமலே ஏறி உட்கார்ந்தாள். மூன்று நிறுத்தம் தாண்டியபிறகு நடத்துநர் வந்து எங்கே இறங்கணும் என்று கேட்டபோதுதான், அது எதிர்த்திசையில் போகும் பஸ் என்று தெரிந்தது.